ஒரு கையால் தூக்குகிற பெட்டி

தாராவி மெயின் ரோட்டில் அப்போது எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. நான் உட்கார்ந்து, எதிரே இன்னொருவர் நின்றால் கடை நிறைந்துவிடும். ஒரு பக்கம் தோல் சூட்கேஸ் தைக்கிற கடை, மறுபக்கம் மாவு மில். மில் ஓடும்போது என் மேஜையில் இருக்கிற திருகாணிகள் தாமாக ஊர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். வருஷம் அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, சரியாக நினைவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமும், கல்யாணமாகி இரண்டு வருஷமும் ஆகியிருந்தன.

டீச்சர் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வெளுத்த காட்டன் புடவை, குடை, கக்கத்தில் ஒரு கிராஃப் நோட்டு. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸின் ரேடியோவை நான் சரிசெய்து கொடுத்திருந்தேன். அவர்கள்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் பண்ணுவேளா?" என்றார்.

"மைக் செட்டுக்குச் செஞ்சிருக்கேன் டீச்சர். கிட்டாருக்குன்னு செஞ்சதில்ல."

"நல்லதாப் போச்சு. ஏற்கெனவே பண்ணி வெச்ச ஒண்ணை என் தலையில கட்ட மாட்டேள்."

அவர் வாசித்தது ஹவாயன் கிட்டார். மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். வலது கை விரல்களில் உலோக வளையம் மாட்டி மீட்டுவார்கள். அந்த நாளில் பம்பாயில் நிறையப் பேர் அதைக் கற்றுக்கொண்டார்கள். டீச்சர் வீட்டுக்கு நாலு பிள்ளைகள் கற்க வந்தார்கள். சபாக்களிலும் ஆபீஸ் விழாக்களிலும் அவரைக் கூப்பிட்டு மெல்லிசை வாசிக்கச் சொல்வார்கள். அங்கே ஹாலில் இருக்கிற மைக் செட்டோடு கிட்டாரை இணைப்பார்கள். சத்தம் கூம்பு ஸ்பீக்கர் வழியாக வரும்.

"நான் வாசிச்சா, ரயில் லேட்டா வரதுன்னு யாரோ அறிவிக்கற மாதிரி இருக்கு," என்றார்.

கிராஃப் நோட்டைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். இரண்டு பக்கம் நிறையப் பெட்டியின் படம். முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு, எல்லாம் அளவோடு. உயரம் அவர் உட்கார்ந்தால் முழங்கால் மட்டம் வரை. அகலம் லேடீஸ் கம்பார்ட்மெண்ட் சீட்டுக்கு அடியில் நுழைகிற அளவு. அதற்காக ரயிலில் ஸ்கேலை வைத்து அளந்திருந்தார். திருகுகிற குமிழ்கள் மேலே இருக்கணும், வாசித்துக்கொண்டே கை நீட்டி மாற்ற. ஒன்று சத்தத்துக்கு, ஒன்று கூர்மைக்கு. இரைச்சல் கூடாது. ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவுக்குச் சின்னதாகவும் பேசணும், இருநூறு பேர் இருக்கிற ஹாலிலும் கேட்கணும். எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு கோடு போட்டு, 'ஒரு கையால் தூக்கணும்' என்று எழுதியிருந்தது.

"ஏன் ஒரு கை?" என்றேன்.

"இன்னொரு கையில கிட்டார் இருக்குமே."

அதுவரை நான் செய்த வேலையெல்லாம் அடுத்தவன் செய்து கெட்டுப்போனதைச் சரிசெய்வது. முதல் தடவையாக ஒருவர் என்னிடம், இல்லாத ஒன்றை உண்டாக்கிக் கொடு என்று கேட்டார். அன்று சாயந்திரம் வேறு எந்த ரேடியோவையும் திறக்க மனசில்லை.

ஒன்றரை மாதம் அதே வேலையாக இருந்தேன். டீச்சர் சனிக்கிழமை தவறாமல் வந்தார். ஸ்பீக்கரை மூடுகிற துணிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, மறுவாரம் ஏழெட்டுத் துண்டுத்துணியோடு வந்துவிட்டார். ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதிப் பார்த்தோம். மூச்சு போனால் சத்தமும் போகும். பட்டும் கெட்டி நெசவும் தள்ளுபடி. கடைசியில் அரக்குச் சிவப்பில் ஒரு பழைய சுங்குடிப் புடவைத் துண்டு தேறியது. டீத்தூள் வருகிற பெட்டிப் பலகையில் தச்சு ஆசாரி ஒருவர் கூடு செய்தார். கைப்பிடியைப் பக்கத்துச் சூட்கேஸ் கடையில் தைத்தார்கள். ஸ்பீக்கரும், கண்ணாடி பல்பு மாதிரி இருக்கிற வால்வுகளும் லாமிங்டன் ரோட்டில் நாலு நடை நடந்து வாங்கியவை.

முதல் பெட்டி தயாரானதும் டீச்சர் அதில் வாசித்துப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டு முனைவரை நடந்தார். பாதியில் கை மாற்றினார். திரும்பி வரும்போது மூச்சு வாங்கக் கீழே வைத்துவிட்டார்.

"சத்தம் அமிர்தமா இருக்கு. ஆனா இதை நான் மாட்டுங்கா ஸ்டேஷன் படி ஏத்த முடியாது."

கனம் எல்லாம் ட்ரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. சுவரிலிருந்து வருகிற கரண்டை வால்வுகளுக்கு ஏற்றமாதிரி மாற்றித் தருகிற இரும்புக் கட்டி அது. அதை எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்போது வீடுகளில் இருந்த ரேடியோக்களில் பாதி ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாதவைதான். சுவர் கரண்ட் நேராக உள்ளே போகும், வால்வுகள் வரிசையாக அதைப் பங்கிட்டுக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் ரிப்பேர் பார்த்தவன் நான். அந்த முறையிலேயே டீச்சர் பெட்டியைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். கனம் பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. ஒரு புதன்கிழமை மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் அதை ஒரு கையில் தூக்கி, மறுகையில் கிட்டாரை எடுத்துக்கொண்டு, அந்தச் சின்ன ஹாலில் இந்த ஜன்னலுக்கும் அந்தக் கதவுக்குமாக நடந்து காட்டினார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை செம்பூர்ல அஞ்சு மணிக்குக் கச்சேரி. ஸ்டேஷன்லேர்ந்து கிழக்கே, மார்க்கெட் தாண்டினா ஹால். அவசியம் வரணும்," என்றார்.

வருகிறேன் என்றேன். போக நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். என் மனைவி பாத்திரம் கழுவிவிட்டு, ஈரக் கையோடு ரேடியோவைத் திருகப் போனாள். எங்கள் வீட்டு ரேடியோவில் ஒரு குமிழ் உடைந்து விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. வெறும் உலோகக் காம்பைப் பிடித்துத்தான் திருகுவோம். ரிப்பேர்க்காரன் வீட்டு ரேடியோ அப்படித்தான் இருக்கும்.

"ஆத்தி!" என்று கத்திக் கையை உதறினாள். "ஒங்க ரேடியோ கரண்ட் அடிக்கி!"

எழுந்து போய்ப் பார்த்தேன். கை சிவந்துகூட இல்லை. பயந்திருந்தாள், அவ்வளவுதான்.

"இத்தன நாளும் அடிக்கலையே. இன்னைக்கி என்ன வந்தது அதுக்கு?"

"பிளக்கக் கழட்டினியா?"

"காலையில பெருக்கும்போது கழட்டிட்டுத் திரும்பப் போட்டேன்."

"மாத்திப் போட்டிருப்பே. சொவத்துல ரெண்டு ஓட்டை இருக்குல்லா, அதுல ஒண்ணுலதான் கரண்ட். இந்த மாதிரி செட்டுல ஒரு கம்பி நேரா உள்ள இருக்கிற தகரத்தோட சேந்திருக்கும். ஒரு பக்கமாச் சொருகினா தகரத்துல ஒண்ணும் இருக்காது. திருப்பிச் சொருகினா தகரம் பூரா கரண்ட்டு."

"அப்படி ஒரு சாமான எதுக்கு வீட்டுல வச்சிருக்காங்க எல்லாரும்?"

"மரப்பெட்டிக்குள்ளல்லா இருக்கு. நாம மரத்தையும் குமிழையும்தான் தொடுதோம். தகரத்தத் தொட வழியே..."

சொல்லும்போதே டீச்சர் பெட்டி நினைவுக்கு வந்தது.

கிட்டாரிலிருந்து வருகிற கம்பி நேராகப் பெட்டிக்குள் இருக்கிற தகரத்தில் முடிகிறது. அதன் மறுமுனையில் தந்திகள் இருக்கின்றன. தந்தி மேல் டீச்சரின் இரும்புத் துண்டு இருக்கிறது. விரல்களில் உலோக வளையம். இடைவெளி ஒன்றுகூட இல்லை. கச்சேரி மேடையில் எதிரே இரும்பு மைக் ஸ்டாண்டு நிற்கும், கரண்ட் அதன் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும். பிளக் மாறியிருந்து, ஒரு கை தந்தியிலும் ஒரு கை ஸ்டாண்டிலும் பட்டால், என் மனைவியை அடித்த மாதிரி உதறிவிட்டு விலகிக்கொள்ளும்படி இருக்காது. பிடித்துக்கொள்ளும்.

"ஏன் இப்படி முழிக்கிய?" என்றாள்.

"மணி என்ன?"

"மூணேமுக்கால். எங்க போறிய? சட்டையப் போட்டுட்டுப் போங்க!"

சட்டையைப் போட்டுக்கொண்டேதான் ஓடினேன். சட்டைப் பையில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் இருந்ததே வழியில்தான் தெரிந்தது. தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தேன். டீச்சர் வீட்டில் போன் கிடையாது. இருந்தாலும் அந்நேரம் கிளம்பியிருப்பார். புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு நாள் வீட்டில் வாசித்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே, அது அவர் வீட்டுச் சுவர், செம்பூரில் வேறு சுவர் என்று இன்னொரு குரல் சொன்னது.

குர்லாவில் ரயில் மாறணும். ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைன் வண்டி வருவேனா என்றது. பிளாட்ஃபாரத்தில் ஒரு குடும்பம் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா எனக்கும் ஒரு பூரியை நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வண்டியில் உட்கார முடியாமல் வாசலில் நின்றுகொண்டு போனேன். என்னென்னவோ தோன்றியது. கடையை மூடிவிட வேண்டியதுதான். அவர் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? அந்தச் சுங்குடித் துணியை வாயில் வைத்து ஊதியபோது டீச்சர் கன்னம் உப்பியிருந்தது கண்முன் வந்து வந்து போயிற்று.

செம்பூரில் இறங்கும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மார்க்கெட்டைக் கடந்து, ஒரு பூக்காரியிடம் வழி கேட்க நின்றேன். அவள் பதில் சொல்வதற்குள் சத்தம் கேட்டது. இரண்டு கட்டடம் தள்ளி, ஜன்னல் வழியாக, வழுக்கிக்கொண்டு மேலே போய் நடுங்கி நிற்கிற ஹவாயன் கிட்டார். கூம்பு ஸ்பீக்கர் சத்தம் அல்ல. நான் கட்டிய பெட்டியின் சத்தம். வாசிக்கிறார் என்றால் இருக்கிறார். பூக்காரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். "க்யா ஹுவா?" என்றாள், என்ன ஆயிற்று என்று. முழம் பூ வாங்காமல் நகர வெட்கமாக இருந்தது. வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு போனேன்.

ஹாலில் கூட்டம். ஓரமாக நுழைந்து மேடைக்குப் பின்னால் போனேன். பெட்டியிலிருந்து வருகிற ஒயர் திரைக்கு அடியில் ஓடி, சுவரில் ஒரு பிளக் பாயிண்டில் முடிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இப்போது சரியான பக்கமாகத்தான் இருக்கிறது. யாரும் அதைத் தொடாதவரை பயமில்லை. நான் அந்தச் சுவரில் சாய்ந்து, பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே உபாயம் அதுதான்.

இடைவேளை விட்டதும் ஹாலைப் பார்த்துக்கொள்கிற ஆள் கையில் ஒரு டேபிள் ஃபேனோடு வந்தான்.

"ஸரா ஹட்டோ. யே நிகால்கே பங்கா லகானா ஹை." நான் நகரணுமாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனைச் சொருகணுமாம்.

"ஹாத் மத் லகாவ்!" கை வைக்காதே என்று கத்தினேன்.

நான் போட்ட சத்தத்தில் அவன் ஃபேனை மார்போடு அணைத்துக்கொண்டான். திரையை விலக்கிக்கொண்டு டீச்சர் வந்தார். விரலில் வளையங்கள் அப்படியே இருந்தன.

"நீங்களா? இங்க என்ன பண்றேள்? முன்னாடி வந்து உட்காரப்படாதோ?"

சொன்னேன். முதலில் சுற்றி வளைத்தேன். "முழுசாச் சொல்லுங்கோ," என்றார். முழுசாகச் சொன்னேன். கனத்தைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்தது, ரேடியோ என்றே நினைத்துக்கொண்டு கட்டியது, தந்தியை மனுஷர் தொடுவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதது, எல்லாம்.

டீச்சர் குனிந்து பிளக்கைப் பார்த்தார். அதன் கீழ்ப்பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நான் கவனிக்கவில்லை.

"புதன்கிழமை ராத்திரியே ம்ம்முனு ஒரு இரைச்சல் இருந்தது. விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி வேற இருந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். பிளக்கைத் திருப்பிப் போட்டேன், இரைச்சல் அடங்கிடுத்து. அந்தப் பக்கம் மேல இருக்கணும்னு சாந்து வெச்சேன்."

"இங்க பொட்டு கீழல்லா இருக்கு?"

"இங்க மேல வெச்சாத்தான் இரைச்சல். அதனால திருப்பினேன்."

"மேல வச்சப்போ தந்தியத் தொட்டீங்களா?"

"இல்லை. கிட்டார் பெஞ்ச் மேல இருந்தது. தூரத்துலேர்ந்தே காதுக்குத் தெரிஞ்சுது."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு காது இல்லாத யாராவது, "பொட்டு மேலே" என்று கற்றதை அப்படியே செய்திருந்தால்? ஃபேன்காரன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

டீச்சர் பிளக்கை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு தணிந்த குரலில், "நாளைக்குச் சாயங்காலம் குழந்தைகள் வர நாள். இதுலதான் வாசிக்கச் சொல்றதா இருந்தேன்," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்போ இது சரியா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ," என்றார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். ஒவ்வொரு தந்தியிலும் வைத்துப் பார்த்தேன். டெஸ்டரில் இருக்கிற சின்ன விளக்கு எதிலும் எரியவில்லை. மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

"சரியா இருக்கு டீச்சர்."

"அப்போ மிச்சத்தை வாசிச்சுடறேன். மைக் ஸ்டாண்டை அந்தாண்டை நகர்த்திடுங்கோ. நீங்க அந்தச் சுவத்தை விட்டு நகரப்படாது."

நகரவில்லை. பாதிக் கச்சேரியைச் சுவரோடு சுவராக நின்று கேட்டேன். பெட்டியின் பின்பக்கம் எனக்கு நேராக இருந்தது, வால்வுகளின் செம்மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பெட்டி நன்றாகத்தான் பாடியது. அதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகும். கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை என் கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"இதை ஆத்துக்கு எடுத்துண்டு போக மாட்டேன்," என்றார் டீச்சர்.

"கொடுக்கவும் மாட்டேன் டீச்சர்."

"கனம் ஆகாதுன்னு பிடிவாதம் பிடிச்சது நான்தான்."

"அதுக்கு இந்த வழியக் கண்டுபிடிச்சது நாந்தான். ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

ஹாலை விட்டு இறங்கும்போதுதான் பையில் கிடந்த பூ நினைவு வந்தது. நசுங்கிப்போயிருந்தது. அதையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஒரு கையில் பெட்டியோடு நான் வீடு திரும்பியபோது என் மனைவி தெருமுனையிலேயே நின்றிருந்தாள். நான் எதற்கு ஓடினேன் என்று யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள், பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அந்த அம்மா?"

"நல்லா இருக்காங்க. முழுக் கச்சேரியும் வாசிச்சாங்க."

அவள் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு குமிழை எடுத்துப்போய் எங்கள் வீட்டு ரேடியோவுக்குப் போட்டேன். பிறகு, அப்படிக் குமிழ் உடைந்த ரேடியோ யார் யார் வீட்டில் இருக்கிறது என்று நினைவுபடுத்தி, வீடு வீடாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். அதே குடை, அதே நோட்டு. புதுப் பக்கத்தைத் திறந்து, "ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கணும். அதை முதல்ல எழுதிண்டாச்சு. இப்போ எதை விடலாம்?" என்றார், கரும்பலகை முன் நிற்கிற மாதிரி.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உயரம், குமிழ், கைப்பிடி எதையும் விட மனசில்லை. கடைசியில், இருநூறு பேருக்குக் கேட்கணும் என்கிற வரியில் என் விரல் நின்றது.

"ஹால்ல மைக் இருக்கும்லா டீச்சர்? நம்ம பெட்டி முன்னால மைக்க வச்சா, தூரத்துக்கு அது கொண்டுபோயிரும். பெட்டி நல்லாப் பாடினாப் போதும். கத்த வேண்டாம்."

"மறுபடியும் கூம்பு ஸ்பீக்கரா?"

"பின் வரிசைக்கு மட்டும். முன்னால இருக்கிறவங்களுக்கு நேரா நம்ம சத்தம்."

டீச்சர் பென்சிலால் அந்த வரியை அடித்தார். கத்தாத பெட்டிக்கு ஒரு வால்வு குறைந்தது, சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் போதும் என்றாயிற்று. லாமிங்டன் ரோட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற ஒருவரிடம் பக்கத்தில் நின்று சுற்றவைத்தேன். மூன்று கால் பிளக் போட்டேன். திருப்பிச் சொருக நினைத்தாலும் முடியாது. மூன்றாவது கால் தகரத்தை நேராகத் தரையோடு சேர்க்கும். டீச்சர் வீட்டில் அதற்குச் சரியான எர்த் இல்லை. அதற்கும் ஒருநாள் போய், கம்பி இழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கொண்டுபோன அன்று டீச்சரைத் தொட விடவில்லை. நீளமான ஒயரில் பெட்டியைச் சமையலறை வரை கொண்டுபோய், கிட்டாரைச் சமையல் மேடையில் வைத்தேன். ஒரு கையால் ஆறு தந்தியையும் சேர்த்துப் பிடித்தேன். மறு கையை, மண்ணுக்குள் போகிற இரும்புத் தண்ணீர்க் குழாயை நோக்கி நீட்டினேன்.

"ஐயோ, வேண்டாம்," என்றார்.

"டெஸ்டர்ல பாத்தாச்சு. இருந்தாலும் நான் தொட்ட பிறகு நீங்க தொடுங்க."

குழாயைப் பிடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வேறொன்றும் இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன், வெளியே மாட்டுங்கா மார்க்கெட்டின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கையை எடுத்தபோது டீச்சர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என்னுடையதும் கேட்டிருக்கும்.

பிறகு ஹாலுக்கு எடுத்துவந்து, உட்கார்ந்து வாசித்தார். நான் கதவோரம் நின்றேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும். நடுவில் நிறுத்தி, முகத்தைச் சுளித்தார்.

"கீழ் ஸ்தாயிச் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தியானாப்பல. சரி பண்ண முடியுமோ?"

அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் குறையையும் கேட்டதில்லை. "முடியும் டீச்சர்," என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி, பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.